பதினோராயிரம் வாயும் ஒரு பேரும்

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும். கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் படிச்சிடு, அப்புறம் உன் இஷ்டம். போன்ல கேக்கலாம்னா என் நம்பரை நாலு வருஷமா அடைச்சு வெச்சிருக்கே. என் வீட்டுக்காரி போன்லேருந்து கூப்பிட்டா, என் மூச்சுச் சத்தம் கேட்டதுமே வெச்சிடறே. அதான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை, விரல் வலிக்குது.

ஒரு வேலை விஷயம் கேக்கணும். வேற ஒண்ணும் இல்ல.

நான் இன்னும் ஸ்டேடியத்துல மைக்குலதான் இருக்கேன். கூரைக்குக் கீழே கண்ணாடி போட்ட சின்ன ரூம், ஒரு மேஜை, ஒரு மைக்கு, கால் ஆடற ஒரு நாற்காலி. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பேர்ப் பட்டியல் மேலே வரும். எங்க ஸ்டேடியத்துல ஒரு வழக்கம் உண்டு. நான் ஆட்டக்காரனோட பேர்ல முன்பாதியை மட்டும் சொல்வேன், பின்பாதியைக் கூட்டம் கத்தும். புது ஆள் வந்தா முதல் நாள் முழுப் பேரையும் ரெண்டு தடவை சொல்லிக் குடுப்பேன். பதினோராயிரம் பேர் அப்படியே புடிச்சுப்பாங்க. அதுலதான் வினை. நான் தப்பாச் சொன்னா பதினோராயிரம் பேரும் ஒத்துமையாத் தப்பாச் சொல்வாங்க.

போன வாரம் எங்க ஃபுட்பால் டீமுக்குப் புதுசா ஒரு ஃபார்வர்ட் வந்தான், கோல் போடற ஆளு. நீ இருக்கிற பக்கத்து ஆளு, ஸ்பானிஷ் பேசறவன். பட்டியல்ல இங்கிலீஷ் எழுத்துல பேர் இருந்தது. படிச்சது படிச்ச மாதிரி ‘ஜெசிண்டோ டெஜெடா’ன்னு கணீர்னு சொன்னேன். கூட்டமும் ‘டெஜெடா!’ன்னு கிழிச்சிடுச்சு. அந்த மனுஷன் யாரையோ கூப்பிடறாங்கன்னு பின்னாடி திரும்பிப் பார்த்தான். பக்கத்துல நின்னவன் முதுகுல தட்டி, “உன்னைத்தான்யா, போ”ன்னு தள்ளி விட்டான். மறுநாள் பேப்பர்ல ‘புது வீரருக்கு மைக்கில் புதுப் பெயர் சூட்டல்’னு கட்டம் கட்டிப் போட்டுட்டாங்க. மேனேஜர் அதை வெட்டி என் மேஜையில ஒட்டி வெச்சிருக்காரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரெக்கார்ட் பண்ண குரலைப் போட்டுக்கறேன்னு சொல்றாரு.

உனக்குக் காலையில கதவைத் திறந்தா அந்தப் பாஷைதானே. எப்படிச் சொல்லணும்னு எழுதி அனுப்பு. பட்டியல்ல இருந்த மாதிரியே துண்டுத்தாள்ல எழுதி உள்ளே வெச்சிருக்கேன். அடுத்த உள்ளூர் ஆட்டம் மார்ச் முதல் வாரம்தான், அதுவரைக்கும் வெளியூர் ஆட்டம். அவசரம் இல்ல, ஆனா அவசரம்.

தம்பி

பின்குறிப்பு: உன் தம்பி பொண்டாட்டிக்கு அஞ்சாம் மாசம். இதை முதல்லயே எழுதியிருக்கணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.


பிப்ரவரி 14

டேய்,

கிழிக்கல. உறையை மட்டும்தான் கிழிச்சேன்.

நாலு வருஷம் கழிச்சு எழுதறே. எதுக்கு? பந்து உதைக்கிற ஒருத்தன் பேரை எப்படிச் சொல்றதுன்னு கேக்க. ‘வாயுள்ள புள்ளை பொழைச்சுக்கும்’னு அம்மா உன்னைச் சொல்வா. பொழைச்சுத்தான் இருக்கே.

சரி, முதல்ல வேலை. உன் துண்டுத்தாளை லேப்புக்கு எடுத்துட்டுப் போனேன். நான் பல் செட் கட்டறவங்கறது ஞாபகம் இருக்கா? பக்கத்து ரூம்ல டாக்டர் மெழுகுல செஞ்ச மாதிரிப் பல்லை வாயில மாட்டிவிட்டு, வந்தவங்களை நாலு வார்த்தை சொல்லச் சொல்வாரு. கதவு வழியா எனக்குக் கேக்கும். முன்பல் தடிச்சுப் போச்சா, மேலண்ணம் உசந்து போச்சான்னு கேட்டே சொல்லிடுவேன். ‘பல்லு போனா சொல்லு போச்சு’ங்கறது உங்களுக்குப் பழமொழி, எனக்கு அதுதான் மாசச் சம்பளம். அதனால நான் சொல்றதைக் கேளு.

நீ ‘ஜ’ன்னு படிக்கிற எழுத்து இங்கே ‘ஹ’. கண்ணாடியைத் துடைக்க வாயால ஊதுவோமே, அந்தக் காத்து, அதைவிடக் கொஞ்சம் கரகரன்னு. ஹசிந்தோ. அதுல ‘சிந்’தை அழுத்து. அடுத்தது தெஹேதா. நடுவுல இருக்கிற ‘ஹே’யைத் தூக்கு. முதல் ‘தெ’ தெருவுல வர்ற தெ. கடைசி ‘தா’ இருக்கு பாரு, அது ‘அது இது’ன்னு சொல்றோமே, அந்த மெத்து மெத்துன்னு வர்ற த. நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டும் தொடாம நிக்கும். நம்ம எல்லாருக்கும் பொறந்ததுலேருந்தே வர்ற சத்தம்டா அது! அதை விட்டுட்டு ‘டா டா’ன்னு சுத்தியல் போட்டிருக்கே. லேப்ல மெழுகுப் பல் செய்யற இந்த ஊர்க்காரி ஒருத்தி இருக்கா, மெழுகுக்காரின்னு சொல்வேன், அவகிட்ட உன் ‘டெஜெடா’வைச் சொல்லிக் காட்டினேன். சிரிச்ச சிரிப்புல அவ செஞ்சு வெச்சிருந்த கடைவாய்ப் பல்லு உருண்டு மேஜைக்கடியில போயிடுச்சு. ரெண்டு பேரும் மண்டி போட்டுத் தேடினோம்.

வேலை முடிஞ்சது. இப்ப என் விஷயம்.

முன்பின் தெரியாத ஒருத்தன் பேரைச் சரியாச் சொல்ல இவ்வளவு பாடுபடறியே, உன் கல்யாணக் கார்டை எடுத்துப் பாரு. அப்பா பேர் தங்க எழுத்துல இருக்கு. அம்மா பேர் இல்ல. கீழே இல்ல, ஓரத்துல இல்ல, சின்ன எழுத்துலகூட இல்ல. எனக்குப் பதினொண்ணு, உனக்கு நாலுன்னு விட்டுட்டுப் போன மனுஷன் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்து நின்னதும் அவர் மகனாயிட்டே. பஸ் ஸ்டாண்டு மைக்குல ‘நாலாம் நடைமேடையிலிருந்து’ன்னு பதினெட்டு வருஷம் தொண்டை கட்டக் கட்டக் கத்தி நம்மளை வளர்த்தவ செத்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகல. அந்தக் கார்டைப் பார்த்துட்டுத்தான் நான் உன் கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து பண்ணேன். ஊரெல்லாம் நான் திமிர் புடிச்சவள்னு சொன்னதும் தெரியும்.

இதுக்கு நீ இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. அதைச் சொல்ற வரைக்கும் உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன். போன்ல கூப்பிடாதே. அம்மாகிட்டேருந்து வந்த அந்தக் குரலை வெச்சே எல்லாரையும் மயக்கிடறவன் நீ. தாள்ல உனக்குக் குரல் கிடையாது. அதனால எழுது.

அக்கா

அஞ்சாம் மாசம்னா ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா? படிக்கட்டுல வேகமா இறங்க விடாதே. இதை நான் அவளுக்காக எழுதறேன், உனக்காக இல்ல.


மார்ச் 4

அக்கா,

நடந்துடுச்சு! உன் லெட்டர் வந்ததுலேருந்து வீட்டுக் கண்ணாடி பூரா மூச்சுக்காத்துதான். பல் தேய்க்கறப்போ ஹசிந்தோ, ஷூ மாட்டறப்போ தெஹேதா. “குழந்தைக்கு முதல் வார்த்தை இதாத்தான் இருக்கப்போகுது, அம்மான்னு எல்லாம் கனவுலகூட எதிர்பார்க்காதே”ன்னு இவ தலையில அடிச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு அரை மணி முன்னாடியே மைக்கைத் திறந்துட்டேன். “போன தடவை தப்பு என்னோடது, இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து திருத்துவோம்”னேன். ‘அது இது’ சொல்லச் சொன்னேன். பதினோராயிரம் பேர் ‘அது! இது!’ன்னு கத்தறதை நீ கேட்டிருக்கணும், டீ விக்கறவர் கெட்டிலை வெச்சுட்டு அண்ணாந்து பார்க்கறாரு. அப்புறம் ‘தெஹே!’ அப்புறம் ‘தெஹேதா!’ கிழக்குப் பக்கம் கொஞ்சம் வழுக்கினாங்க. அவங்களை மட்டும் தனியா ரெண்டு தடவை சொல்ல வெச்சேன். அணி வெளியே வந்தப்போ நான் “ஹசிந்தோ...”ன்னு இழுத்தேன். “தெஹேதா!” ஒரு பிசிறு இல்ல. மேனேஜர் மேலே ஏறி வந்து, ஒட்டி வெச்ச பேப்பர் துண்டைத் தன் கையாலயே பிச்சு எடுத்துட்டாரு. என் நாற்காலி தப்பிச்சது. உனக்குக் கோடி நன்றி.

ஒண்ணே ஒண்ணுதான். அவன் கை தூக்கல. பேர் கூப்பிட்டா எல்லாரும் கூட்டத்தைப் பார்த்துக் கை தூக்குவாங்க, அது ஒரு மரியாதை. இவன் தலையைக் குனிஞ்சு புல்லைப் பார்த்துக்கிட்டே போய் நின்னுட்டான். ஆட்டமும் சுமார்தான். புது இடம், கூச்சமா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

கார்டு விஷயம். அது பழசு, அக்கா. என் மாமனார் பக்கத்துல ‘பையனோட அப்பா பேர் என்ன’ன்னு கேட்டாங்க, போட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கறப்போ நான் என்ன பண்ண முடியும்? அம்மா பேரை வேணும்னு விடல. இடம் பத்தல. இதை இவ்வளவு பெரிசா எடுத்துக்க வேண்டாமே.

ரத்தம் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. படிக்கட்டுல நான்தான் விழறேன், அவ விழல.

தம்பி


மார்ச் 16

டேய்,

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. அந்தக் கார்டு என்கிட்டதான் இருக்கு. அளவுகோல் வெச்சுப் பார்த்தேன். அப்பா பேருக்குக் கீழே ரெண்டு விரல் அகலம் காலியாக் கிடக்கு, அதுல ரெண்டு பூ வரைஞ்சிருக்காங்க. பூவுக்கு இடம் இருந்திருக்கு.

அதை அப்படியே வெக்கிறேன். இப்ப உன் ஆட்டக்காரன் விஷயம். இதுல நானும் தப்புப் பண்ணியிருக்கேன்.

லேப்ல பாலீஷ்காரர் ஒருத்தர் இருக்காரு, ஃபுட்பால் பைத்தியம். நான் உன் தாளைக் காட்டின அன்னிக்கு அவர் கால் சுளுக்குன்னு லீவு. இந்த வாரம் உன் ‘அது இது’ கதையை எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். அவர் மெஷினை நிறுத்திட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாரு. “உன் தம்பி யாரைக் கூப்பிட்டான்?”னு கேட்டாரு. அந்த ஆளு இங்கே ரெண்டு வருஷம் ஆடியிருக்கானாம். சட்டையில ‘தெஹேதா’ இருந்ததே இல்லையாம். ‘யானோஸ்’னுதான் இருக்குமாம்.

இங்கே எல்லாருக்கும் பேருக்குப் பின்னாடி ரெண்டு குடும்பப் பேர் உண்டு. முதல்ல அப்பா வழி, அப்புறம் அம்மா வழி. ஹசிந்தோ தெஹேதா யானோஸ். சாதாரணமா முதலாவதை வெச்சுக் கூப்பிடுவாங்க. அதான் உங்க ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைப் பார்த்து அதை மட்டும் எழுதி, மீதியை வெட்டிட்டாங்க போல. ஆனா இவன் கேட்டு வாங்கி ரெண்டாவதைப் போட்டுக்கிட்டவன். ஏன்னு பாலீஷ்காரருக்குத் தெரியல.

நீ எப்படிச் சொல்லணும்னு கேட்டே. நான் எப்படிச் சொல்லணும்னு சொன்னேன். எதைச் சொல்லணும்னு ரெண்டு பேரும் கேக்கல. சுத்தமான உச்சரிப்புல, பதினோராயிரம் பேரை வெச்சு, அவனுக்கு வேண்டாத பேரைக் கூப்பிட்டிருக்கோம். முதல்ல சிரிப்பு வந்தது. அப்புறம் வரல.

இன்னொண்ணு கேக்கறேன். கடல் தாண்டி எனக்கு லெட்டர் போட்டியே, அந்த ஆளு உன் ரூமுக்குக் கீழேதானே இருக்கான்? நேரா அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே! கிணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏழு தெரு தள்ளிப் போய்த் தண்ணி கேட்டவன் நீதான். போ. போய்க் கேளு. பேர் அவனோடது.

அக்கா


மார்ச் 30

அக்கா,

கேட்டேன்.

எங்க மைக் ரூம்லேருந்து இருபத்திரண்டு படி இறங்கினா சட்டை ரூம். அங்கே ஒரு அம்மா இருக்காங்க, சூடு பண்ற மெஷினால சட்டையில பேரும் நம்பரும் ஒட்டறவங்க. அவன் கிழிஞ்ச சாக்ஸுக்குப் பதிலா வேற வாங்க வந்திருந்தான். நம்ம பாஷை அவனுக்குத் தெரியாது, இங்கிலீஷ்ல அரைகுறையாப் பேசுவான். நான் பெஞ்சுல உக்கார்ந்து, நேரா, “யானோஸ்?”னு மட்டும் கேட்டேன்.

அவன் சாக்ஸைக் கீழே வெச்சுட்டான். யார் சொன்னாங்கன்னு கேட்டான். எங்க அக்கான்னு சொன்னேன்.

அப்புறம் அவனே சொன்னான். அவனுக்கு மூணு வயசுல அப்பா போயிட்டாராம். அம்மா ஆபீஸ் கட்டடங்கள்ல தரை துடைக்கிறவங்க. தினமும் ரெண்டு பஸ் மாறி அவனைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போய், ஓரத்துலயே உக்கார்ந்து தூங்குவாங்களாம். எங்க ஆபீஸ்ல முதல் நாளே சொல்லியிருக்கான், பாஸ்போர்ட்ல முதல்ல இருக்கிறதுதான் போடுவோம்னுட்டாங்க. வந்ததும் வராததுமா சண்டை வேண்டாம்னு விட்டுட்டானாம். “முதல் தடவை நீங்க சொன்னப்போ எனக்குச் சிரிப்புதான். அது யாரோ, நான் இல்ல”ன்னான். “ரெண்டாவது தடவை எல்லாரும் ரொம்ப அழகா, எங்க ஊர்ல சொல்ற மாதிரியே சொன்னாங்க. அதுதான் கஷ்டமா இருந்தது. எங்க அப்பாவே வந்து உக்கார்ந்த மாதிரி இருந்தது”ன்னான்.

கீழே கிடந்த சாக்ஸை எடுத்து அவன் கையில குடுத்தேன். சட்டை ரூம் அம்மா மெஷினை அணைச்சுட்டு என்னையே பார்க்கறாங்க.

அக்கா, நான் பொய் எழுதினேன். மாமனார் வீட்டுல யாரும் எதுவும் கேக்கல. பிரஸ்ல மாதிரி காட்டினப்போ கார்டுல அம்மா பேர் இருந்தது. முதல்ல அம்மா பேர், அப்புறம் அப்பா பேர், நான்தான் அப்படி எழுதிக் குடுத்திருந்தேன். அம்மா பேரை அடிச்சு எடுத்தது நான். பூவும் நான் கேட்டு வாங்கினதுதான்.

ஏன்னு இத்தனை நாள் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவகிட்டகூட. அப்பா வந்து நின்னப்போ, என் குரலைக் கேட்டுட்டு, “என் பையன்”னாரு. எனக்கு இருபத்தொம்பது வயசு, அந்த ஒரு வார்த்தைக்கு நாலு வயசுப் பையனாப் போயிட்டேன். ரெண்டு பேர் பேரும் இருந்தா, அவர் இத்தனை வருஷம் எங்கே இருந்தார்னு யாராவது கேப்பாங்க. அவர் பேர் மட்டும் இருந்தா, எப்பவுமே இருந்தவர் மாதிரி இருக்கும். ஒரே ஒரு நாள் அப்பா இருக்கிறவனா நிக்கணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கு அம்மாவை வெட்டினேன். அவர் பந்தியில உக்கார்ந்து சாப்பிட்டு, கை கழுவிட்டுப் போனவர்தான். அதுக்கப்புறம் ஒரு போன்கூட இல்ல.

தப்பு, அக்கா. பெரிய தப்பு. அம்மாகிட்ட சொல்ல முடியாது, உன்கிட்ட சொல்றேன். மன்னிச்சிடு.

இருபத்திரண்டு படி இறங்காம உனக்கு ஏன் எழுதினேன்னு கேட்டியே. பேரைக் கேக்கறதுக்கு எழுதல. உன்கிட்டேருந்து ஒரு பதில் வரணும்னு எழுதினேன். திட்டியாவது.

ஓட்டவாய்


ஏப்ரல் 10

ஓட்டவாய்க்கு,

சின்ன வயசுல நான் வெச்ச பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கியே, படுபாவி. அதைப் பார்த்ததும் லேப்னுகூடப் பார்க்காம அழுதுட்டேன். மெழுகுக்காரி பதறிப் போய்த் தண்ணி கொண்டு வந்தா. வாய் கொப்புளிக்கிற தண்ணியைக் கொண்டு வந்துட்டா, புதினா வாசம். அதையே குடிச்சேன்.

இதை நீ போன்ல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். தாள்ல, அடிச்சு அடிச்சுத் திருத்தி, ‘பூவும் நான் கேட்டு வாங்கினதுதான்’னு எழுதியிருக்கே பாரு, அது போதும். மன்னிச்சாச்சு. ரெண்டாவது தடவை கேக்காதே, கணக்குல குழம்பிடுவேன்.

என் பங்கு ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுக்கோ. எனக்குப் பதினொரு வருஷம் அப்பா இருந்தாரு. சைக்கிள் விடக் கத்துக் குடுத்திருக்காரு. உனக்கு அவர் முகமே ஞாபகம் இல்ல. நீ அவருக்கு ஏங்கினது எனக்குச் சின்ன வயசுலேருந்தே தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன், ஏன்னா எனக்குக் கோவம் வசதியா இருந்தது. அம்மாவுக்கும் தெரியும். அவ உன்னை ஒரு நாளும் குறை சொல்லியிருக்க மாட்டா. அவளுக்காக நான் கோவப்பட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். சிடுமூஞ்சின்னு நீ வெச்ச பேர் சும்மா வெக்கல.

இப்ப வேலை. யானோஸ். அதுல ‘யா’ யானைக்கு வர்ற யா. அதை அழுத்திட்டு ‘னோஸ்’ஸை லேசா விடு. எங்க பாலீஷ்காரர் அதையே ‘ஜா’ பக்கம் சாய்ச்சுச் சொல்றாரு, மெழுகுக்காரி யானை மாதிரியே சொல்றா, ரெண்டு பேருக்கும் அதுல ஒரு மணி நேரம் சண்டை. ஊருக்கு ஊர் மாறுமாம். அதனால என்னைக் கேக்காதே. அவங்க அம்மா எப்படிச் சொல்வாங்கன்னு அவன்கிட்டயே கேளு. அதுதான் சரி.

லீவு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். வரேன்னு சொல்லல. கேட்டிருக்கேன்னுதான் சொல்றேன்.

சிடுமூஞ்சி


ஏப்ரல் 24

சிடுமூஞ்சி அக்காவுக்கு,

உக்கார்ந்து படி. நீளமா இருக்கும்.

மேனேஜர்கிட்ட போனேன். சீசன் முடியற வரைக்கும் சட்டையில பேர் மாத்த முடியாதுன்னுட்டாரு, பதிவு பண்ணியாச்சாம், கடையிலயும் அந்தப் பேர்ல சட்டை தொங்குதாம். “சட்டை உங்களோடது சார், மைக்கு என்னோடது”ன்னேன். எங்கேருந்து தைரியம் வந்ததுன்னு தெரியல. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துட்டு, “இன்னொரு தடவை பேப்பர்ல வந்துச்சுன்னா பாரு”ன்னாரு. “வரும் சார்”னேன்.

அவன்கிட்ட கேட்டேன், அம்மா எப்படிச் சொல்வாங்கன்னு. போனைப் போட்டுக் குடுத்துட்டான்! அந்தம்மாவுக்கு நான் பேசறது புரியல, எனக்கு அவங்க பேசறது புரியல. அவங்க பேரை அவங்களே சொன்னாங்க. நான் திருப்பிச் சொன்னேன். இல்லன்னாங்க. மறுபடி சொன்னேன். இல்லன்னாங்க. ஆறாவது தடவை அந்தப் பக்கத்துலேருந்து ஒரே சிரிப்பு. சட்டை ரூம் அம்மா கை தட்டினாங்க. யானைதான் அக்கா, மெழுகுக்காரிக்குச் சொல்லிடு, ஜெயிச்சுட்டா.

ஞாயித்துக்கிழமை மறுபடியும் அரை மணி முன்னாடி மைக்கைத் திறந்தேன். கூட்டத்துல ஒரே முனகல், ‘ஐயோ மறுபடியும் பாடமா’ன்னு. நான் சுருக்கமாச் சொன்னேன். “போன தடவை நீங்க எல்லாரும் சரியாச் சொன்னீங்க. நான் குடுத்த பேர்தான் தப்பு. சட்டையில இருக்கிறது ஆபீஸ் போட்ட பேர். அதைப் பார்க்காதீங்க. இவரைக் கூப்பிட வேண்டியது இவரை வளர்த்தவங்க பேரால.” அவ்வளவுதான். அப்புறம் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் யானைன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சாங்க, குழந்தைங்க எல்லாம் தும்பிக்கை ஆட்டுது.

அணி வெளியே வந்தது. நான் “ஹசிந்தோ...”ன்னேன்.

“யானோஸ்!”

அவன் நின்னுட்டான். கோட்டுக்கு மேலேயே நின்னுட்டான். பின்னாடி வந்தவன் முட்டிக்கிட்டான். அப்புறம் ரெண்டு கையையும் தூக்கினான், கூட்டத்துக்கு ஒரு கை, என் கண்ணாடி ரூமைப் பார்த்து ஒரு கை. கோல் போட்டானான்னு கேப்பே. போடல. ஒண்ணு கம்பத்துல அடிச்சான், ஒண்ணு கூரைக்கு மேலே அனுப்பிட்டான். ஒண்ணும் ஒண்ணுமா சமமா முடிஞ்சது. ஆனா தொண்ணூறு நிமிஷமும் சிரிச்சுக்கிட்டே ஓடினான்.

இன்னும் முடியல. ஆட்டம் முடிஞ்சதும் நான் வழக்கமா ‘பார்த்துப் போங்க, நன்றி’ன்னு சொல்லி மைக்கை அணைச்சிடுவேன். ஏழு வருஷத்துல என் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னேன். “இன்னிக்கு உங்களோட பேசினது”ன்னு ஆரம்பிச்சு, அம்மா பேரை முழுசாச் சொல்லி, அவங்க மகன்னு சொன்னேன். கீழே இறங்கி வந்தா வாசல்ல ஒரு பெரியவர் நிக்கறாரு. ஓய்வு வாங்கின பஸ் டிரைவராம். “தம்பி, நாலாம் நடைமேடை அம்மாவா?”ன்னாரு. ஆமாம்னேன். “அந்தக் குரலைக் கேட்டுத்தான் பதினஞ்சு வருஷம் வண்டியைக் கிளப்பியிருக்கேன். பேர் இன்னிக்குத்தான் தெரிஞ்சது”ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. விடவே இல்ல. நானும் விடல.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த கல்யாணக் கார்டுக் கட்டை எடுத்து இவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ ஒரு கார்டை உருவி எடுத்துப் பார்த்துட்டு, “குழந்தை பொறந்ததும் பதிவு பண்ணப் போறப்போ எழுதறதை நான் எழுதறேன், உன்கிட்ட பேனாவைக் குடுக்கறதா இல்ல”ன்னுட்டா. நியாயம்தான்.

லீவு என்ன ஆச்சு? வரியா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

ஓட்டவாய்


மே 7

டேய் ஓட்டவாய்,

லீவு கிடைச்சுடுச்சு. பத்து வாரம். மெழுகுக்காரி என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கறாளாம், யானை ஜெயிச்ச சந்தோஷத்துல. பாலீஷ்காரர் மட்டும் இன்னும் ஒத்துக்கல, அந்தம்மா வேற மாவட்டம்னு சாதிக்கறாரு.

மே முப்பது, காலையில பத்து மணிக்கு இறங்கறேன். உன் பொண்டாட்டியை அலைய விடாதே, வீட்டுலயே இருக்கட்டும். அவளுக்குப் பிடிச்சது என்னன்னு எழுது, வாங்கிட்டு வரேன். உனக்கு ஒண்ணும் கிடையாது. பிரசவம் முடிஞ்சு, புள்ளையை ஒரு மாசம் தூக்கி வெச்சிருந்துட்டுத்தான் கிளம்புவேன். அந்த யானோஸ் ஆடற ஆட்டம் ஒண்ணுக்கு என்னைக் கூட்டிட்டுப் போகணும். கிழக்குப் பக்கம் சீட்டு வேண்டாம், அவங்க வழுக்கறாங்கன்னு நீயே சொல்லியிருக்கே.

உன் நம்பரைத் திறந்துட்டேன். இருந்தாலும் கூப்பிடாதே. நேர்ல பேசிக்கலாம்.

ஒரே ஒரு வேலை சொல்றேன், அதை ஒழுங்காச் செய். ஏர்போர்ட்ல வெளியே வர்ற இடத்துல அட்டையில பேர் எழுதிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி நீயும் ஒண்ணு புடிச்சுக்கிட்டு நில்லு. என் பேரை எழுதாதே, எனக்கு உன் மூஞ்சி தெரியும். அம்மா பேரை எழுது. பூ எல்லாம் வரையாதே, அட்டை பூரா எழுத்துதான் இருக்கணும். நான் கண்ணாடி போடாமத்தான் வருவேன். கதவு திறந்ததும் எனக்குத் தெரியணும்.

சிடுமூஞ்சி